மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்

மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். அது எவ்வளவு ஆபத்தானது என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு ஷெட்டு நிறையப் பட்டுப்புழுவைக் கொல்லப் பார்த்தவன் என்ற முறையில், அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

என் மாமியார் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டம், அதன் ஓரத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட புழு ஷெட். மாமனார் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் தொப்பூர் கணவாய்க்கு அந்தப் பக்கம் எங்கேயாவது இருப்பார். ஆகவே இலை வெட்டுவது, புழுவுக்குப் போடுவது, கூடு கட்டியதும் தருமபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது எல்லாமே அத்தை ருக்மணியின் ராஜ்ஜியம். வியாபாரிகளிடம் அவர் பேசுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எதிரில் நிற்பவர் தன்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போய்விடுவார்.

ஆனால் என்னிடம் மட்டும் அத்தைக்கு வாயே கிடையாது. "சரிங்க மாப்ள", அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் முருங்கைக்காய் சாம்பார் நன்றாக இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த வீட்டில் எனக்கு வேறு குழம்பே கிடைக்கவில்லை. இன்னொரு நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது, "இதெல்லாம் பெய்யாதுங்க அத்தை" என்று சும்மா சொல்லிவைத்தேன். களத்தில் காய்ந்துகொண்டிருந்த ராகியை அவர் அள்ளவில்லை. (பெய்தது. ராகி முளைத்தே விட்டது. அப்போதும் "மழைதாங்க தப்பு" என்கிற மாதிரிதான் பேசினார்.) என் மனைவி கோமதி அன்றைக்கே எச்சரித்தாள்: "ஏங்க, எங்கம்மாகிட்ட யோசிச்சுப் பேசுங்க. நீங்க சொல்றத அப்படியே நம்பற ஒரே ஆளு இந்த ஒலகத்துல அவங்கதான்."

அப்போது நான் தருமபுரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி பாடம் எடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் ஆராய்ச்சி இதுதான்: செல்போன் கேமராவைப் பட்டுப்புழுத் தட்டின் மேல் காட்டினால், புழு நன்றாக இருக்கிறதா, நோய் வந்திருக்கிறதா என்று போன் சொல்ல வேண்டும். பட்டுப்புழுவுக்கு நோய் வந்தால் இரண்டே நாளில் ஷெட்டைக் காலி செய்துவிடும். முதல் புழுவிலேயே கண்டுபிடித்துவிட்டால் மீதியைக் காப்பாற்றிவிடலாம். நல்ல நோக்கம்தான். இன்றைக்கும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. குறை ஆளிடம்தான் இருந்தது.

கணினிக்கு இதைக் கற்றுக்கொடுப்பது குழந்தைக்கு ஆடு, மாடு காட்டுவது போலத்தான். "இது நல்ல புழு, இது நோய்ப் புழு" என்று ஆயிரக்கணக்கில் படம் காட்டிக்கொண்டே இருந்தால், எதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று அதுவே கற்றுக்கொள்ளும். எதை வைத்துப் பிரித்தாய் என்று கேட்டால் மட்டும் சொல்லாது. படத்துக்காக நான் பைக்கில் சுற்றாத ஊர் இல்லை. எங்காவது நோய் என்று போன் வந்தால் வகுப்பை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு ஓடுவேன். அங்கே எனக்காகக் காத்திராமல் அவர்கள் வேலையை ஆரம்பித்திருப்பார்கள். கெட்ட புழுவைப் பொறுக்கித் தனித் தட்டில் போட்டு, தட்டெல்லாம் சுண்ணாம்புத் தூள் தூவி, "வாங்க சார், நல்லா எடுத்துக்கங்க" என்பார்கள். நானும் நன்றாக எடுத்துக்கொள்வேன்.

லேபில் அந்தச் செயலி ஒரு தப்புகூட விடவில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் பட்பட்டென்று சரியாகச் சொன்னது. எனக்குத் தலை கால் புரியவில்லை. அதற்குப் 'பட்டுக்கண்' என்று பெயர் வைத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டுமே என்று குரலும் சேர்த்தேன். யாருடைய குரல்? என்னுடையதுதான். எதிரொலி நன்றாக வரும் என்று குளியலறைக்குள் நின்று, செய்தி வாசிப்பவர் மாதிரி குரலைக் கனமாக்கி இரண்டு வாக்கியம் பதிவு செய்தேன். ஒன்று, "நலமாக உள்ளது. இலை இடவும்." இன்னொன்று, "நோய் உள்ளது. உடனே அகற்றவும்." (பக்கத்து வீட்டுக்காரர் அன்று மாலை கோமதியிடம், "சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தாராம்.)

ஆராய்ச்சியைப் பார்வையிட சேலத்திலிருந்து என் ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடும், பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர் மேடமும் வருவதாக ஏற்பாடு. லேபில் காட்டினாலே போதும் என்றார் கைடு. நான் விடுவேனா? நிஜ ஷெட்டில், நிஜப் புழுவில், என் மாமியார் கண் முன்னால் காட்டியே தீருவேன் என்று நின்றேன். அத்தைக்குப் போன் செய்தேன்.

"வியாழக்கெழம சாருங்கள கூட்டிக்கிட்டு வரேங்க அத்தை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிங்க மாப்ள. வாங்க" என்றார். பாவம், பெருமையில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. ஷெட் வாசலில் அத்தை எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, பிளீச்சிங் தண்ணீரில் கை கழுவவைத்தார். கைடு கிட்டே வந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"சார், சென்ட்டு போட்டிருக்கீங்களாட்டம் இருக்குது. அது புழுவுக்கு ஆவாதுங்க. சட்டய மாத்திக்கிட்டு வாங்க."

நாற்பது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய மனிதர், மறு பேச்சில்லாமல் போய் என் மாமனாரின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். என் கைடிடம் இவ்வளவு தைரியமாகப் பேச முடிந்த அத்தைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் போனதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும்.

உள்ளே போனோம். வழக்கமாக அந்த ஷெட்டுக்குள் புழுக்கள் இலை தின்னும் சத்தம் தூறல் விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று சத்தமே இல்லை. அடுக்கடுக்கான தட்டுகளில் புழுக்கள் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. அவற்றின் மேல் வெள்ளை வெளேரென்று தூள். வந்திருப்பவர்களுக்குப் புழுக்கள் காட்டும் மரியாதை என்றுதான் எனக்குத் தோன்றியது. போனை எடுத்து, முதல் தட்டின் மேல் பிடித்தேன்.

"நோய் உள்ளது. உடனே அகற்றவும்" என்றது என் குரல்.

இரண்டாம் தட்டு. "நோய் உள்ளது. உடனே அகற்றவும்." மூன்றாம் தட்டும் அதேதான். நான் மேலே, கீழே, இந்த மூலை, அந்த மூலை என்று காட்டிக்கொண்டே போனேன். ஷெட்டு முழுக்க என் குரல் அகற்றச் சொல்லிக்கொண்டே வந்தது.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ஷெட்டுப் புழுவும் போகப்போகிறது என்று நம்பிய அந்த நிமிடத்தில் எனக்குத் துக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாத நோயை என் பட்டுக்கண் கண்டுபிடித்துவிட்டதே! கைடு பக்கம் திரும்பி, நோய் எப்படி ஒரு புழுவிலிருந்து மற்றதற்குப் பரவும் என்று விரிவுரையே ஆற்றினேன். "நல்லவேளை, இன்னைக்கே கண்டுபிடிச்சோம்" என்று வேறு முடித்தேன். பெங்களூர் மேடம் புடவை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

அத்தை ஒரு தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தார். வெளியே போய் ஒரு கூடையும் இரண்டு சாக்கும் எடுத்து வந்தார்.

"மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்குங்க. எடுத்துடலாம்."

சொல்லிவிட்டுக் கடைசித் தட்டிலிருந்து புழுவோடு மல்பெரிக் கிளைகளை உருவிக் கூடையில் போட ஆரம்பித்தார். இருபது நாளாக வேளை தவறாமல் இலை போட்டு வளர்த்த புழு அது. இன்னும் பத்து நாளில் கூடு மார்க்கெட்டுக்குப் போக வேண்டியது. அதை ஒவ்வொரு கிளையாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் கை கொடுக்கலாம் என்று குனிந்தேன்.

அந்த நேரம் கோமதி டீயோடு வந்தாள். என் மனைவி அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவள். யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பது அவள் தொழில். வாசலில் நின்றபடியே கூடையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, எதுக்கு எடுக்கற?"

"புழுவுக்குச் சீக்காம் பாப்பா."

"யாரு சொன்னா?"

"மாப்ள போனு சொல்லுது."

"அது கெடக்குது. நீ என்ன சொல்ற?"

அத்தை கிளையை உருவுவதை மட்டும் நிறுத்தினார். கோமதி டீத் தட்டை என் கையில் திணித்துவிட்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள். வெளியே போய் ஒரு மல்பெரி இலையைப் பறித்து வந்து, தரையில் வைத்துப் போனைக் காட்டினாள்.

"நலமாக உள்ளது. இலை இடவும்" என்றது.

"இலைக்கே இலை போடச் சொல்லுது" என்றாள். கதவோரச் சுண்ணாம்பு மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதே இலையின் மேல் தூவினாள். மறுபடி போன்.

"நோய் உள்ளது. உடனே அகற்றவும்."

கைடு காக்கிச் சட்டையோடு ஒரு அடி முன்னால் வந்தார். கோமதி இன்னும் கொஞ்சம் தூளை எடுத்தாள். இரண்டு கையிலும் டீத் தட்டு இருந்ததால் முகத்தை மறைக்க எனக்கு வழியில்லை. என் நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் நன்றாகத் தடவிவிட்டு, போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நோய் உள்ளது. உடனே அகற்றவும்" என்றது என் குரல், என்னைப் பார்த்து.

முதலில் சிரித்தவர் கைடு. மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மல்பெரித் தோட்டத்துக்கு நடுவிலிருந்து அவர் சிரிப்பு கேட்டது. (ஒரு மனுஷி அவ்வளவு நேரம் சிரிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.)

விஷயம் இதுதான். பட்டுப்புழு வளரும்போது நான்கு முறை இலை தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் கிடந்து தோல் உரிக்கும். புழு தூங்குகிறது என்பார்கள். அப்போது தட்டு ஈரமில்லாமல் இருக்க மேலே சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். தூங்கும் புழுவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அன்றைக்கு மட்டும் யாரையும் ஷெட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் தூங்கும் புழு ஒன்றுகூட என் படங்களில் கிடையாது. நோய்ப் படம் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு இருந்தது, நல்ல புழுப் படம் ஒன்றில்கூட இல்லை. கணினி புழுவைப் பார்க்கவே இல்லை. மூன்று வருடம் ராப்பகலாக உழைத்து, உலகத்திலேயே மிகத் துல்லியமாகச் சுண்ணாம்பைக் கண்டுபிடிக்கும் கருவியை நான் செய்திருந்தேன்.

உருவிய கிளைகளை அத்தையும் கோமதியும் பதறாமல் திரும்ப அடுக்கினார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. கூடையின் அடியில் நசுங்கியவையும், தூக்கம் கலைந்து தோல் உரிக்க முடியாதவையும் மறுநாள் செத்துப்போயின. அவற்றை நான்தான் குழி வெட்டிப் புதைத்தேன். அத்தை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார்.

குழி மூடிய பிறகு கேட்டேன்: "நேத்து உங்களுக்குத் தெரியலீங்களா அத்தை, புழு நல்லாத்தான் இருக்குதுன்னு?"

"தெரியுங்க மாப்ள. பாத்தாலே தெரியுமே. நல்லாத்தான் தூங்குச்சு."

"வியாழக்கெழம தூங்கற நாளுன்னு?"

"அதுவுந் தெரியுங்க. நீங்க சாருங்ககிட்ட சொல்லிட்டீங்களே."

"அப்புறம் ஏங்க எடுத்தீங்க?"

அத்தை மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். "அத்தன பெரியவங்க முன்னாடி எங்க மாப்ளயத் தப்புன்னு நான் எப்படிங்க சொல்றது? புழு போனா அடுத்த தடவ முட்ட வாங்கி வளத்துக்கலாம்."

எனக்கு அன்றைக்கு வந்த வெட்கத்தை எழுதிக் காட்ட முடியாது. முகத்தில் சுண்ணாம்போடு நின்றதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எவ்வளவு பெரிய மனுஷி, அவர் முன்னால் நான் எவ்வளவு சின்ன ஆள் என்று தோன்றியது.

ஆராய்ச்சியை முதலிலிருந்து ஆரம்பித்தேன். தூங்கும் புழு, சுண்ணாம்பு பட்ட நல்ல புழு, சுண்ணாம்பு படாத நோய்ப் புழு என்று தேடித் தேடிப் படம் எடுத்தேன். இந்த முறை எது நல்லது, எது நோய் என்று பிரிக்கும் வேலையை அத்தையிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டேனே தவிர, முதல் இரண்டு வாரம் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மாப்ள" என்றே வந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சரி என்றார். கடைசியில் ஒருநாள் நோய் பிடித்து வீங்கிய ஒரு புழுவைக் காட்டி, "இது ரொம்ப ஆரோக்கியமா இருக்குதுங்க" என்று அடம்பிடித்தேன். அத்தை தவித்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சின்னக் குரலில், "இல்லீங்க" என்றார். சொல்லிவிட்டு, கோவிலில் செருப்போடு நுழைந்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் கைதட்டினேன். அந்த 'இல்லீங்க'வுக்குப் பிறகு அத்தையைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு படம் பார்ப்பார். "இது இல்ல, அதுவும் இல்ல, இத யாரு எடுத்தாங்க, கை நடுங்குது" என்று தள்ளிக்கொண்டே போவார். அடுத்த மழைக்காலத்தில் பட்டுக்கண் அவர் ஷெட்டிலேயே கீழ் அடுக்கின் இருட்டு மூலையில் ஒரே ஒரு புழுவைக் காட்டி நோய் என்றது. அது பழைய புத்தியில் உளறுகிறது என்றே நினைத்தேன். அத்தை அந்தப் புழுவைக் குச்சியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "மாப்ள, இந்தத் தடவ அது சொல்றதுதாங்க சரி" என்றார். மீதிப் புழு பிழைத்தது. என் கட்டுரை வெளியானபோது அதை எழுதியவர்கள் பட்டியலில் இரண்டாவதாக ருக்மணி என்று இருந்தது. அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மாமனார் தன் லாரியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்கிற பொதுக்கூட்டம். குடும்பமே வேன் வைத்து வந்திருந்தது. அத்தை கடைசி வரிசை. தேர்வாளர்களில் பெங்களூர் மேடமும் இருந்தார். நான் படம் படமாகக் காட்டி நன்றாகவே பேசினேன். முடிந்ததும் தலைவர் ஒரு சம்பிரதாயத்துக்காக, "பார்வையாளர்கள் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே மிக்சரும் ஜாங்கிரியும் காத்திருக்கின்றன.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க." அத்தை எழுந்து நின்றார். "எடுத்துக்கிட்டாலும் பரவால்லீங்க. அந்தப் பதினோராவது படம் தப்பு. அது சீக்குப் புழு இல்ல, பழுத்த புழு. விடிஞ்சா கூடு கட்டப்போறதப் போயி நோயின்னு எழுதி வெச்சிருக்கீங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. அந்தப் படம் பார்க்கப் பொன்னிறமாக அழகாக இருக்கிறதே என்று முந்தின நாள் மாலை நானாகச் சேர்த்தது. அத்தையிடம் காட்டவில்லை. மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதுக்கு உங்க பதில் என்ன?" என்றார்.

"அவங்க சொல்றதுதாங்க மேடம் சரி" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் மாட்டிக்கொண்டு நான் அவ்வளவு பெருமையாக நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அத்தை உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கோமதியிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதைச் சொதப்பினாலும் அதற்குப் பெயர் பதினோராவது படம். கேஸ் புக் செய்ய மறந்தால் பதினோராவது படம். வண்டிச் சாவியைத் தொலைத்தால் பதினோராவது படம். பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத என் மகள்கூட அதை மட்டும் பிழையில்லாமல் சொல்கிறாள். அத்தை தன் பங்குக்கு, கூடு மார்க்கெட்டில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தி நல்ல செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எங்க மாப்ள டாக்டரு ஆயிட்டாருங்க. ஒரு படந்தான் தப்பு. மத்ததெல்லாம் சரி, நான் பாத்துட்டேன்."